வேலை நடந்த மலை

(கோவில்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜப்பானில் நிக்கோ என்று ஒரு மலைநகரம் இருக்கிறது, பழைய கோயில்களுக்கும் அருவிகளுக்கும் பேர்போனது, அதைப் பற்றிப் பேசுங்கள் என்றுதான் என்னைக் கேட்டார்கள். சரி என்றேன். ஆனால் பேச்சில் கால்பங்குதான் நிக்கோவுக்கு, மிச்சமெல்லாம் கழுகுமலைக்கு என்று சொல்லிவிட்டேன். கூட்டம் ஏற்பாடு செய்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "கழுகுமலை எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே சார்" என்றார் ஒருவர். தெரிந்ததுதான். சங்கரன்கோவில் பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். தைப்பூசத்துக்குப் போகிறோம், பங்குனி உத்திரத்துக்குப் போகிறோம், பிள்ளைக்கு மொட்டை போடுகிறோம், கழுகாசலமூர்த்தியைக் கும்பிடுகிறோம், வெயிலுக்கு முந்தி வீடு திரும்பிவிடுகிறோம். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் மலைமேல் ஏறியவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். பாருங்கள், பாதிகூட இல்லை. அதனால்தான் கழுகுமலை.

முதலில் நிக்கோவைப் பார்த்துவிட்டு வருவோம்.

டோக்கியோவுக்கு வடக்கே, ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவு. நந்தாய் என்ற மலை 2486 மீட்டர் உயரம். அதன் அடியில் சூசென்ஜி ஏரி. ஏரித் தண்ணீர் கெகோன் அருவியாக 97 மீட்டர் கீழே விழுகிறது. இலையுதிர் காலத்தில் மலை முழுக்கச் சிவந்து கிடக்கும், அதைப் பார்க்க ஊரே திரண்டு வரும். ஐப்பசி மழைக்குப் பிறகு மட்டும் பச்சையைப் பார்க்கிற கரிசக்காட்டு ஆளுக்கு இதைக் கேட்கக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கும்.

766இல் ஷோதோ என்ற புத்தத் துறவி அங்கே முதல் கோயிலை அமைத்தார் என்பது அவர்கள் வரலாறு. நந்தாய் மலை உச்சியை அவர் எட்டியது 782இல். அதற்கு முன் முயன்ற தடவைகளில் பனியும் மூடுபனியும் திருப்பி அனுப்பிவிட்டன. கருணையின் வடிவமான அவலோகிதேஸ்வரர் குடியிருக்கும் போதலக மலையாகவே அந்த மலை கொண்டாடப்பட்டது. இந்தப் போதலகம் எங்கே இருக்கிறது? ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த யுவான் சுவாங், அது தெற்குக் கோடியில், மலய மலைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எழுதிவைத்தார். சென்னையில் இருந்து ஆராய்ச்சி செய்த ஷூ ஹிகோசாகா என்ற ஜப்பானியர், அது நம்முடைய பொதிகை மலைதான் என்று வாதாடினார். ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் ஆய்வாளர்கள் பாடு. அவர் சொல்வது சரியானால், எட்டாம் நூற்றாண்டில் ஒரு ஜப்பானியத் துறவி பனிமலையில் ஏறி மனசுக்குள் தேடிய மலை, நமக்குத் தென்மேற்கே நிற்கிற மலை. நாம் ஜப்பானைப் பார்த்து ஏங்குகிறோம். அவர்கள் இந்தப் பக்கம் பார்த்து ஏங்கியிருக்கிறார்கள்.

ஆனால் இன்றைக்கு நிக்கோ என்றால் உலகத்துக்கு நினைவு வருவது துறவி இல்லை, ஒரு தளபதி. ஜப்பானைத் தன் கைக்குள் கொண்டுவந்த தொகுகாவா இயெயாசு 1616இல் இறந்தார். மறு ஆண்டு அவரை நிக்கோவில் தெய்வமாக வைத்தார்கள். பேரன் இயெமித்சுவுக்கு அந்தச் சின்னக் கோயில் போதவில்லை. 1634இல் தொடங்கி 1636க்குள் எல்லாவற்றையும் பெரிதாக எடுத்துக் கட்டினார். தோஷோகு என்று அதற்குப் பெயர். தங்கத் தகடு, அரக்குப் பூச்சு, வண்ண வண்ண மரச் செதுக்கல். யோமெய் வாசல் என்ற ஒரே ஒரு வாசலில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட செதுக்கல்கள்.

நம் பள்ளிக்கூடச் சுவரில் காந்தி படத்துக்குக் கீழே மூன்று குரங்குகள் கண்ணையும் காதையும் வாயையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அந்தக் குரங்குகளின் பேர்பெற்ற சிற்பம் அங்கேதான் இருக்கிறது, குதிரைக் கொட்டடியின் நெற்றியில். இன்னொரு கட்டடத்தில் இரண்டு யானைகள். அவற்றை வரைந்து கொடுத்த ஓவியர் யானையையே பார்த்ததில்லையாம், கேள்வியிலேயே செய்தது. காதும் வாலும் ஒரு தினுசாக இருக்கும். நம்மூர்த் தேர்த்தச்சன் எவனாவது அதைப் பார்த்தால் சிரித்துவிடுவான். ஆனால் நம் கோயில் யாளியைச் செதுக்கியவர்கள் மட்டும் யாளியைக் கண்டார்களா என்ன?

நான் நிக்கோவிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு இரண்டு விஷயம். அந்த யோமெய் வாசலில் ஒரு தூண். மற்றத் தூண்களில் உள்ள அதே வேலைப்பாடுதான், ஆனால் தலைகீழாக நட்டிருக்கிறார்கள். தவறிப்போய் இல்லை, வேண்டுமென்றே. ஒரு கட்டடம் பூர்த்தியானால் அந்த நிமிஷத்திலிருந்து அது அழியத் தொடங்கும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் ஒரு குறையை வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது, பராமரிப்பு. மரக் கட்டடம், மலைப் பிரதேசத்து ஈரம், பனி. தங்கமும் அரக்கும் எத்தனை நாள் தாங்கும்? ஓயாமல் வேலை நடக்கிறது. யோமெய் வாசலைச் சாரம் கட்டி மூடி 2013இல் தொடங்கிய பழுதுபார்ப்பு 2017இல்தான் முடிந்தது. கோயிலுக்குப் போகிற பாதைகளில் 35 கிலோமீட்டருக்கு மேல் இருபுறமும் ஊசியிலை மரங்கள். மத்சுதைரா மசத்சுனா என்ற பிரபு 1625 வாக்கில் தொடங்கி இருபது ஆண்டு நட்டவை. அந்த மரங்களைக் காப்பாற்ற 1996இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு மரத்துக்கு 1 கோடி யென் கொடுத்து யாரும் உரிமையாளர் ஆகலாம், ஆனால் மரத்தில் கை வைக்க முடியாது. பணத்தின் வட்டியில் மரத்தைப் பராமரிப்பார்கள். நம் சம்சாரிகள் கேட்டால் "வேப்பங்குச்சி ஒடிக்கக்கூட விடமாட்டானா, அப்புறம் என்னய்யா உரிமை" என்பார்கள். ஆனால் நானூறு ஆண்டுக்கு முன் நட்ட மரம் இன்னும் ஆயிரக்கணக்கில் நிற்பது இப்படி மெனக்கெட்டதால்தான்.

நிக்கோ போதும். கழுகுமலைக்கு வருவோம்.

இது அருவியும் ஏரியும் உள்ள மலை இல்லை. கரிசல் சமவெளியில் தனியாக எழும்பி நிற்கிற மொட்டைப் பாறை. பங்குனி, சித்திரையில் மேலே ஏறிப் பார்த்தால் சுற்றிலும் அறுவடை முடிந்த காடு கறுத்து, வெடிப்பு விட்டுக் கிடக்கும். புரட்டாசிப் பட்டத்தில் விதைத்து மழையும் கைகொடுத்த வருஷமானால், கார்த்திகை மார்கழியில் அதே காடு உளுந்தும் பாசியும் சோளமும் மக்காச்சோளமுமாக அடையாளம் தெரியாமல் மாறியிருக்கும். மேற்கே மலைத்தொடர் நீலமாகக் கோடு போட்டதுபோல் தெரியும். மயில் அகவும். கீழே முருகனுக்கு வாகனம் என்று கையெடுத்துக் கும்பிடுகிற அதே ஆள், புஞ்சைக்குப் போனதும் மயிலை விரட்டத் தகரம் தட்டுவார். இதுதான் எங்கள் இயற்கைக் காட்சி. சிவந்த இலை கிடையாது. ஆனால் மழையைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. எந்த ஊர்மேல் பெய்கிறது, எந்த ஊரைத் தாண்டிப் போகிறது என்று மேலே நின்று சொல்லிவிடலாம். வயிற்றெரிச்சலோடுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரே பாறையில் மூன்று இடங்கள். அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி. முருகன் இருக்கிற கருவறை, மலையின் வயிற்றைக் குடைந்த குடைவரை. மலையே விமானம். அதனால் கருவறையை மட்டும் தனியாகச் சுற்றிவர முடியாது, சுற்ற வேண்டுமானால் மலையைத்தான் சுற்ற வேண்டும். மலைமேல் ஒரு பக்கம் சமணச் சிற்பங்கள். இன்னொரு பக்கம் வெட்டுவான்கோயில். முருகன் கோயில் அறநிலையத் துறையிடம், மேலே உள்ளவை மாநிலத் தொல்லியல் துறையிடம். பக்தர்கள் கீழே, வெளியூர்க் கேமராக்காரர்கள் வெட்டுவான்கோயிலில், சமண யாத்திரிகர்கள் பாறைச் சிற்பங்களுக்கு முன்னால். ஒருவர் இடத்துக்கு மற்றவர் போவது குறைவு. நிக்கோவிலும் இப்படி ஒரு பிரிப்பு நடந்தது. புத்தமும் ஷிந்தோவும் ஆயிரம் ஆண்டு ஒரே மலையில் கலந்து கிடந்தன. 1868இல் வந்த மெய்ஜி அரசு இரண்டையும் பிரிக்கச் சொல்லி உத்தரவு போட்டது, 1871இல் நிக்கோவையும் இரண்டு ஷிந்தோ கோயில், ஒரு புத்தக் கோயில் என்று பாகம் பிரித்தார்கள். நமக்கு யாரும் உத்தரவு போடவில்லை. நாமாகவே பிரித்துக்கொண்டோம்.

வெட்டுவான்கோயிலை முதலில் பார்ப்போம். எட்டாம் நூற்றாண்டு, பாண்டியர் காலம். பராந்தக நெடுஞ்சடையன் காலத்தது என்று சொல்கிறார்கள். நிக்கோவில் ஷோதோ முதல் கோயில் வைத்த அதே தலைமுறை. எல்லோராவில் ராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிற கைலாசநாதர் கோயிலும் அதே தலைமுறை. இதனால் 'தென்னகத்து எல்லோரா' என்று சுற்றுலாத் தாள்களில் அச்சடித்துவிட்டார்கள். எனக்கு இந்தப் பட்டம் பிடிக்கவில்லை. எல்லோரா பெரிது, இது சிறிது. பக்கத்தில் வைத்தால் நம்முடையது இளைத்துத்தான் தெரியும். நம்மூர் வேலையை நம்மூர்ப் பெயரால் சொன்னாலே போதும்.

எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கட்டிய கோயில் இல்லை இது. மலைச்சரிவில் ஒரு இடத்தைத் தேர்ந்து, நடுவில் ஒரு பாறைத் துண்டை விட்டுவிட்டு, சுற்றிலும் சுமார் 25 அடி ஆழத்துக்கு வெட்டி எடுத்திருக்கிறார்கள். பனங்கிழங்கை ஒடியாமல் எடுக்கிறவன் சுற்றி மண்ணைத் தோண்டுவானே, அந்த மாதிரி. பிறகு நடுவில் நின்ற பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சாரம் வேண்டாம், கீழே நிற்கிற பாறையே சாரம். முதலில் சிகரம் முடியும், கடைசியில் வாசற்படி. கட்டுகிற கொத்தனாருக்கு ஒரு செங்கல் கோணினால் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். இங்கே ஒரு மூக்கு சிதறினால் சிதறியதுதான். உச்சியில் முதல் உளி படும்போதே அடியில் கடைசிப் படி எங்கே வரும் என்று ஒருவன் மனசில் கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

கல்லோ கருங்கல் இனம். உளி சீக்கிரம் மழுங்கும். அப்படியானால் சிற்பியின் பக்கத்திலேயே கொல்லனுலை, துருத்தி ஊத ஒரு ஆள், கரி கொண்டுவர ஒரு ஆள், வெட்டிய சல்லியைச் சுமந்து வெளியே கொட்டப் பல ஆட்கள். அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்ச வேண்டும், குடிக்கத் தண்ணீர் சுமக்க வேண்டும், அதுவும் இந்தப் பூமியில். கோயிலைப் பார்க்கும்போது சிற்பி ஒருத்தன் உளியோடு உட்கார்ந்திருப்பதை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். நம் ஊரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் எத்தனை கை சேர்ந்தால் ஒரு பெட்டி என்று நமக்குத் தெரியும். அங்கேயும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

மேலே முடிந்திருக்கிற பகுதியில் நின்று பாருங்கள். மூலைகளில் நந்திகள் சாவகாசமாகப் படுத்திருக்கின்றன. பூதகணங்கள் வரிசையாக ஆடிப்பாடிக்கொண்டிருக்கின்றன, ஒன்றுகூடச் சும்மா இல்லை. சிவனும் உமையும் பேச்சில் இருக்கிறார்கள். மேற்கே திருமால், வடக்கே பிரமன். தெற்கே தட்சிணாமூர்த்தி. வேறு எந்தக் கோயிலுக்குப் போனாலும் தட்சிணாமூர்த்தி பேசாத குரு. ஆலமரத்தடியில், சின்முத்திரையோடு, சீடர்கள் சுற்றியிருக்க, வாய் திறக்காமல் பாடம் நடத்துவார். கழுகுமலையில் அவர் மிருதங்கம் வாசிக்கிறார். தலை லேசாகச் சாய்ந்திருக்கிறது, விரல் தோலின்மேல் இருக்கிறது. வாசிப்பைத் தானே ரசிக்கிற ஆளின் முகம். இந்த ஊருக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த பாட்டையெல்லாம் நினைத்தால், அந்தச் சிற்பி தாளம் போட்டுத் தொடங்கிவைத்தான் என்றே சொல்லத் தோன்றுகிறது.

முத்துசுவாமி தீட்சிதர் எட்டயபுரத்தில் தன் கடைசி நாட்களைக் கழித்தவர், 1835இல் அங்கேயே காலமானார். கழுகுமலை முருகன்மேல் சுத்த தன்யாசி ராகத்தில் அவர் கிருதி இருக்கிறது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில், சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது வழிநடைக்குப் பாடியதுதான் காவடிச்சிந்து. நடக்கிற காலுக்கு ஏற்ற பாட்டு. ரெட்டியார் இளம்வயதிலேயே போய்விட்டார். ஆனால் அந்தச் சிந்தின் மெட்டைத் தெரியாதவர் கரிசலில் உண்டா?

சிற்பத்துக்கே திரும்புகிறேன். மேலே இவ்வளவு வேலை. கண்ணைக் கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு மட்டத்துக்குக் கீழே வேலை நிற்கிறது. சுவர் சுவராகாமல் பாறையாகவே இருக்கிறது. உளி கொத்திக் கொத்தி எடுத்த தழும்பு அப்படியே தெரிகிறது. உள்ளே கருவறையில் இப்போது இருக்கிற பிள்ளையார் பிற்காலத்தில் வைத்தவர்.

ஏன் நின்றது? ஊரில் ஒரு கதை உண்டு, எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பனும் மகனும் சிற்பிகள். இருவருக்கும் போட்டி. மகன் வேலையை ஊர் புகழ்ந்தது அப்பனுக்குப் பொறுக்கவில்லை. உளியை வீசினான், மகன் செத்தான், கோயில் நின்றது. இதை எனக்குச் சொன்ன வழிகாட்டி கண் கலங்கச் சொன்னார், நானும் கலங்கினேன். ஆனால் கதை எனக்கு ஒப்பவில்லை. பாதியில் நிற்கிற வேலை எதைக் கண்டாலும் யார் தலையிலாவது ஒரு கொலையைக் கட்டினால்தான் நமக்குத் திருப்தி. பாண்டிய நாட்டில் முடிக்காமல் விட்ட குடைவரைகள் இன்னும் உண்டு. அங்கெல்லாம் அப்பன்மார் உளியை வீசினார்களா?

முடிந்திருந்தால் நமக்கு ஒரு அழகான கோயில் கிடைத்திருக்கும். முடியாததால் ஒரு பட்டறை கிடைத்திருக்கிறது. எது முதலில், எது பிறகு, பாறை எப்படிச் சதுரமாகிறது, சதுரத்திலிருந்து உருவம் எப்படிக் கிளம்புகிறது, எல்லாம் ஒரே கல்லில் படிப்படியாக நிற்கிறது. நிக்கோக்காரர்கள் ஒரு தூணைத் தலைகீழாக நட்டுப் பூர்த்தியாகாத பேரை வாங்கினார்கள். நமக்கு அது தானாகவே வாய்த்திருக்கிறது.

இனி சமணச் சிற்பங்கள். என் கணக்கில் மலையில் பெரிய சொத்து இதுதான். பாறை முகத்தில் வரிசை வரிசையாக, அடுக்கு அடுக்காக, சுமார் 150 உருவங்கள். பெரும்பாலும் சின்னச் சின்னத் தீர்த்தங்கரர்கள், முக்குடையின் கீழ், ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். இடையிடையே பெரிய உருவங்கள். பாகுபலியின் கால்களில் கொடி சுற்றிப் படர்ந்திருக்கிறது. பார்சுவநாதர் நிற்கிறார், மேலே ஒருவன் பெரும்பாறையைத் தூக்கி அவர்மேல் போட வருகிறான். அவன் கமடன், பழைய பகையாளி. நாகராஜன் தரணேந்திரன் படம் விரித்துக் காக்கிறான், பத்மாவதி குடை பிடிக்கிறாள். இத்தனை அமளிக்கு நடுவில் பார்சுவநாதர் முகத்தில் சலனமே இல்லை. பாறையைத் தூக்கியவன் கைதான் வலித்திருக்கும்.

இன்னொன்று அம்பிகா. பக்கத்தில் சிங்கம், கூடவே குழந்தைகள். கதையில் அவள் ஒரு குடும்பத்துப் பெண். வீட்டில் விசேஷத்துக்குச் சமைத்திருந்த சோற்றைப் பசியோடு வந்த முனிவருக்குக் கொடுத்துவிட்டாள் என்று புருஷன் பிள்ளைகளோடு வெளியே துரத்திவிட்டான். அவள் இயக்கி ஆனாள். துரத்தியவன் அவளுக்கு வாகனச் சிங்கமாகப் பிறந்தான். நம் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள், மலையேறாதவர்களும் ஏறுவார்கள்.

இந்த உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் கல்வெட்டுகள். சுமார் நூறு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் ஐந்தாம் தொகுதியில் அச்சாகியிருக்கின்றன. சில அரசியல் செய்தி சொல்பவை. பாண்டிய மன்னன் மாறஞ்சடையனின் 23ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த ஒன்று, ஆய் மன்னன் கருநந்தனோடு நடந்த போரையும் அதில் இறந்த வீரர்களையும் பேசுகிறது. மற்றப் பெரும்பாலானவை ஒரு வரி, இரண்டு வரி. இன்ன ஊர் இன்னார் இதைச் செய்வித்தார், அவ்வளவுதான். அந்த இன்னார் யார்? அரசனோ அமைச்சனோ இல்லை. தச்சர் இருக்கிறார், கொல்லர் இருக்கிறார், குயவர் இருக்கிறார், உழுகிறவர் இருக்கிறார். சமண ஆசிரியர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். குணசாகர படாரர் என்ற ஆசிரியர் பெயர் வருகிறது. துறவிகளுக்குச் சோறு போடவும், சித்தாந்தம் சொல்லிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்த செய்தி வருகிறது. மலையில் ஒரு பள்ளிக்கூடமே நடந்திருக்கிறது.

அதில் பெண்கள் இருந்தார்கள். குரத்தி, குரத்தியார் என்று கல்வெட்டு சொல்வது சமணப் பெண் ஆசிரியர்களை. மிழலூர்க் குரத்தி, திருச்சாரணத்துக் குரத்தி என்று ஊர்ப் பெயரோடு வருகிறார்கள். திருச்சாரணம் என்பது குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அவ்வளவு தூரத்திலிருந்து இங்கே தொடர்பு. அவர்களிடம் படித்தவர்களும் தங்கள் பெயரைப் பொறித்து உருவம் செய்வித்திருக்கிறார்கள். நிக்கோவில் நந்தாய் மலைக்குப் போகிற வழியில் ஒரு இடத்துக்கு மேலே பெண்கள் ஏறக் கூடாது என்று தடை இருந்தது. 1872இல்தான் அரசாங்கம் அதை எடுத்தது. அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் கழுகுமலையில் பெண் ஆசிரியர் பெயர் பாறையில் ஏறிவிட்டது. ஜப்பானை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நம் ஊரில் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறக்க எத்தனை நூற்றாண்டு ஆயிற்று என்பதும் நமக்குத் தெரியும்.

பழைய பெருமை பேசுகிறபோது கசப்பையும் சேர்த்தே பேச வேண்டும். இதே கழுகுமலைத் தேர்வீதியில் யார் ஊர்வலம் போகலாம், யார் போகக் கூடாது என்று நாடார்களுக்கும் எட்டயபுரம் ஜமீனுக்கும் மூண்ட தகராறு, 1895 ஏப்ரலில் பங்குனி உத்திரத் திருவிழாவின்போது கலவரமாகி உயிர்களைக் கொண்டுபோயிற்று. நம் கோவில்பட்டிப் பக்கத்து ஆண்டிப்பட்டியில் பிறந்த பூமணி 'அஞ்ஞாடி' நாவலில் அந்தக் காலத்தை எழுதியிருக்கிறார். 2014இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். மேலே குயவரும் கொல்லரும் குரத்தியும் ஒரே பாறையில் பக்கத்தில் பக்கத்தில் பெயர் பொறித்தார்கள். கீழே அதே மலையின் நிழலில் ஒரு தெருவில் நடப்பதற்குக் கொலை விழுந்தது. மலைக்குப் போகிறவன் இரண்டையும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் கட்சி.

இயெயாசு மாதிரி ஒரு பெரிய ஆளுக்காக எழுந்த மலை இல்லை இது. பேரனுக்கு ஒரு தாத்தா, அதற்கு ஒரு கோயில் என்று ஒரே மூச்சில் கட்டியது அது. இங்கே கொல்லர் ஒருத்தர் தன் வசதிக்கு ஒரு முழ உயரத்தில் ஒரு உருவம் செய்வித்தார், பக்கத்தில் இன்னொருவர், அதற்கு மேல் இன்னொருவர். சேர்த்துப் பார்த்தால் ஒரு மலை நிறைந்திருக்கிறது.

இப்போது கொஞ்சம் சண்டை போட வேண்டும். பாறையில் பெயர் எழுதும் ஆசை நமக்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழசு என்பது சரி. ஆனால் அன்றைக்குப் பெயர் போட வேண்டுமானால் ஒரு திருமேனி செய்வித்துத் தர வேண்டும். இன்றைக்கு ஒரு ஆணி போதும் என்று ஆகிவிட்டது. தீர்த்தங்கரருக்கு எண்ணெய் தடவுகிறவர் இருக்கிறார், பக்தியில்தான் தடவுகிறார். எண்ணெய் இறங்கினால் தூசி ஒட்டும், எழுத்து மூடும் என்பதை யாராவது அன்பாகச் சொல்ல வேண்டும். சூடம் ஏற்றினால் பாறை கரி பிடிக்கும், சூட்டில் பொறுக்கு விடும். மரத்தையும் அரக்கையும் பனியிலிருந்து காப்பாற்ற நிக்கோக்காரர்கள் படுகிற பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட நமக்கு வேண்டாம். நம் பொருள் கல். அதற்கு வர்ணம் பூச வேண்டாம், தங்கம் ஒட்ட வேண்டாம். தயவுசெய்து சிமெண்டும் பூச வேண்டாம். சும்மா விட்டாலே இன்னும் ஆயிரம் ஆண்டு நிற்கும்.

வேண்டியது ஒன்றுதான், வாசிக்கத் தெரிந்த கண். வட்டெழுத்து பெரிய வித்தை இல்லை. தமிழ் தெரிந்த பிள்ளை சில வாரங்களில் எழுத்துக் கூட்டிவிடும். இந்த அவையில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். பிள்ளைகளைச் சுற்றுலா என்று பஸ் பிடித்து எங்கெங்கோ கூட்டிப் போகிறீர்கள். கழுகுமலைக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். ஐந்தே ஐந்து கல்வெட்டு, அச்சான வாசகத்தைக் கையில் கொடுங்கள், பாறையில் எது என்று அவர்களே தேடட்டும். குயவர் பெயரைக் கண்டுபிடிக்கிற பிள்ளை அந்தப் பாறையில் ஆணி வைக்காது. கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் பக்கத்தில்தான் இருக்கிறது. அவர்கள் இந்த மண்ணில் பேர் தெரியாத ஆட்களின் பேச்சைப் புத்தகத்தில் ஏற்றினார்கள். பேர் தெரிந்த ஆட்கள் மலையில் இருக்கிறார்கள், அதைப் படிக்க ஆள் இல்லை என்றால் எப்படி?

போகிறவர்களுக்கு வழி சொல்கிறேன். பங்குனி, சித்திரை வெயிலில் போகாதீர்கள், பாறை காலைச் சுட்டுவிடும். மார்கழி, தை நல்லது. விடிகாலையில் இறங்கி முதலில் நேராக மேலே சமணச் சிற்பங்களுக்குப் போங்கள். வெயில் ஏறுமுன் அதைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நேரம் பிடிக்கும். பிறகு வெட்டுவான்கோயில். தெம்பு உள்ளவர்கள் உச்சிப் பிள்ளையாரையும் பார்த்துவிட்டு இறங்கலாம். முருகனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கும்பிட்டால் நமக்கு வேலை முடிந்த மாதிரி ஆகிவிடுகிறது, அப்புறம் மேலே ஏறக் கால் வருவதில்லை. தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், காலிப் பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கடலைமிட்டாய் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

நிக்கோவுக்குப் போக விசா எப்படி எடுப்பது என்று முன்வரிசையில் ஒரு தம்பி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். அது எனக்குத் தெரியாது தம்பி. சங்கரன்கோவில் பஸ் எந்த நேரத்தில் என்று கேட்டால் சொல்கிறேன். வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள்.